அற்புதராணி கீறும் வடிவங்கள்

எழுத்தாணியைத் தொடுமுன் அற்புதராணி விரல் மடிப்புகளில் எண்ணத் தொடங்கிவிடுவாள். செபமாலைக்குப் பழகிய விரல்கள். இப்போது அவை அணுக்களின் இலத்திரன்களை எண்ணுகின்றன. எண்ணி முடியும்வரை யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்; கொடுத்தவரை ஒரு பார்வையும் பார்ப்பாள்.

மருதனார்மடத்து ரியூட்டரி, அதாவது தனியார் வகுப்பு ஒன்றில் பாடக்குறிப்புகளைப் பிரதி எடுப்பதற்காக ஸ்ரென்சில் தாளில் வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கிழமையே அவளை அந்தக் கதிரையில் இருத்தியவர் இரசாயனம் படிப்பிக்கும் தில்லைநாதன் மாஸ்டர். "ரைப் அடிக்கத் தெரியுமோ எண்டு மட்டுந்தான் கேட்டவர். வேறை ஒண்டும் கேக்கேல்லை" என்று இன்றைக்கும் சொல்லுவாள். 

மாஸ்டரின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி. படங்கள் அதைவிட மோசம். பொருளாதாரத் தடைக்காலத்தில் ஸ்ரென்சில் கிடைப்பதே அருமை. பிழை திருத்தும் திரவம் இல்லாமல் நகப்பூச்சுப் பூசித்தான் சமாளிக்கிறாள். பிழை விடக்கூடாதென்று அவருடைய குறிப்புகளை வாசித்து வாசித்தே, மூலக்கூறு என்ன வடிவத்தில் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. றோணியோ யந்திரம் சுற்றிப் பிரதி எடுக்கும் குணலட்சுமிக்கு அவள் அதை விளக்குவதைக் கேட்க வேண்டும்.

"பள்ளிக்கூட மண்டபத்திலை அஞ்சு குடும்பம் இருந்தனாங்கள். ஆளை ஆள் இடிக்காமல் எட்டி எட்டித்தானே பாய் விரிச்சனாங்கள்? இலத்திரன் சோடியளும் உப்பிடித்தான். பிணைப்பிலை சேராத தனிச்சோடி இருக்கே, அது படத்திலை தெரியாது. ஆனா கூட இடம் பிடிச்சு மற்றதுகளை நெருக்கும்."

சென்ற வருடம், உயர்தரச் சோதினைக்கு ஒரு கிழமை இருக்கையில், மீட்டல் குறிப்பைக் கொடுத்துவிட்டு மாஸ்டர் ஸ்ரென்சில் தேடிக் கிளாலிக் கடல் தாண்டி வவுனியாவுக்குப் போய்விட்டார். கைவசம் ஒரே ஒரு ஸ்ரென்சில் தாள். குளோரின் ஒன்றோடு மூன்று புளோரின் சேர்ந்த மூலக்கூறுக்கு அவர் தட்டையான முக்கோணம் கீறியிருந்தார். அற்புதராணி எண்ணினாள். நடுவில் குளோரினுக்கு ஏழு, புளோரினுக்கு ஒன்றாக மூன்று, மொத்தம் பத்து. ஐந்து சோடி. பிணைப்புக்கு மூன்று போக இரண்டு தனிச்சோடி. முக்கோணம் வராது, ஆங்கில T எழுத்துப் போலத்தான் வரும். மூன்று தரம் எண்ணியும் அதேதான்.

"மாஸ்டர் கீறினபடி வெட்டுங்கோவன் அக்கா. பிழையெண்டால் அவரின்ரை பிழை" என்றாள் குணலட்சுமி.

"சோதினையிலை பிழையா எழுதப்போறது பிள்ளையளெல்லோ."

"நீங்கள் பிழையெண்டால்?"

அற்புதராணி எழுத்தாணியை எடுத்து மறுபடி வைத்தாள். வேலை தந்த மனிதரின் எழுத்தில் கை வைப்பது நன்றிகெட்ட வேலையோ என்று யோசித்தாள். சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு T வடிவத்தையே வெட்டினாள். அன்று பின்னேரமே நூற்றிருபது பிரதிகள் பிள்ளைகளிடம் போய்விட்டன.

ஐந்தாம் நாள் மாஸ்டர் வந்தார். பிரதியை நின்றபடியே வாசித்தார். அந்தப் படத்தில் கண் தங்கியது. எண்ணுவதுபோல் உதடு மெல்ல அசைந்தது. அற்புதராணி எழுந்து நின்றாள்.

"அவசரத்திலை முக்கோணமாக் கீறிப்போட்டன், என்ன?" என்றார். அவ்வளவுதான். வகுப்புக்குப் போய்விட்டார்.

மறுநாள் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கான குறிப்பு அவள் மேசையில் இருந்தது. வசனங்கள் முழுவதும் எழுதியிருந்தார். வடிவங்கள் வரவேண்டிய இடங்களில் மாத்திரம், அடிமட்டக் கோல் வைத்துக் கீறிய வெறும் பெட்டிகள். அற்புதராணி அந்தத் தாளை இரண்டு கையாலும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.