என் பேரில் ஒரு வெள்ளைக் கார்

இந்த ஊரில் கார்களை எல்லோரும் பின்பக்கமாகத்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். கடையானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி, ஐந்து நிமிட வேலைக்கு வந்தவர்கூட இரண்டு தடவை முன்னும் பின்னும் எடுத்து, வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே வண்டியின் பின்புறத்தைச் செருகி, மூக்கை வெளியே வைத்துவிட்டுத்தான் இறங்குவார். வந்ததும் வராததுமாகப் போவதற்கு ஆயத்தம். நான் வேலைசெய்யும் பட்டறையின் வான் வண்டியை அவசரத்தில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மத்தியானம் வந்து பார்த்தால் வான் திரும்பி நிற்கும். யார் திருப்புகிறார் என்பதை இருபத்தெட்டு வருடமாகியும் நான் கண்டுபிடிக்கவில்லை. நேரே வந்து திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஒரு மனிதனோடு வாய்திறந்து பேசியதாகவாவது இருந்திருக்கும்.

நான் இருப்பது ஜப்பானில், ஹமானா என்ற வாவியின் கரையில். கடலோடு வாய் திறந்த உப்புத்தண்ணீர் வாவி. வந்த புதிதில் 'அச்சொட்டாக மட்டக்களப்பு வாவி போலவே இருக்கிறது' என்று அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். அது பொய். நம்முடைய வாவியில் ஆள் இருக்கும். தோணியில் ஒருவர், கரையில் ஒருவர், இரண்டு பேரும் சத்தம்போட்டுக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே விலாங்கு வளர்க்கும் குளங்களும் காற்றும்தான். கரையில் தூண்டில் போட்டிருப்பவர்கள்கூட ஒருவரையொருவர் பார்க்காதமாதிரி இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நான் சொல்லவந்த கார்க் கம்பனி இந்த வாவிப் பக்கத்தில் பிறந்தது. பெயரை எழுதவில்லை, எழுதினால் விளம்பரம் என்பீர்கள். மட்டக்களப்பு நகரத்தில் பத்து நிமிடம் வீதியோரம் நின்றால் அதன் சின்னக் கார்கள் நாலைந்து உங்களைக் கடந்துபோகும். ஆரம்பித்தவர் ஒரு தச்சராம். தாயார் நெசவில் படும் பாட்டைப் பார்த்து அவருக்காக ஒரு தறி செய்துகொடுத்தாராம். அதைப் பார்த்த அயலட்டையும் கேட்க, தறி செய்யும் கம்பனி உருவானது. உலக யுத்தம் முடிந்து தறி வியாபாரம் படுத்த காலத்தில், அந்தக் குடும்பத்தவர் ஒருவர் மீன்பிடிக்கப் போய்விட்டு எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துக் களைத்து, இதற்கு ஒரு மோட்டரைப் பூட்டினால் என்ன என்று யோசித்தாராம். அந்த மோட்டர் வளர்ந்து மோட்டர் சைக்கிளாகி, பிறகுதான் 'கேய்' என்று இங்கே சொல்லும் சின்னக் கார்கள் வந்தன. எங்கள் வாவிமேல் இருக்கும் கல்லடிப் பாலத்தில் எதிர்காற்றுக்குச் சைக்கிள் மிதித்த எவருக்கும் இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எனக்கோ தறியும் விளங்கும். நான் பிறந்த ஆரையம்பதிக்கு அடுத்த ஊர் காத்தான்குடி. அந்தப் பக்கத்துத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் ஆனதும் தாய் தகப்பன் வீட்டை அவளுக்கு எழுதிவிட்டு, அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆண்பிள்ளை பெண்சாதியின் வீட்டுக்குப் போய்விடவேண்டும். அப்படிப் போகாமல் விட்டவன் எங்கே இருப்பான் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. நான் அந்த ரகம். அக்காவுக்கு ஒரு கல்வீடு எழும்பவேண்டும் என்று நாடு விட்டேன். வீடு எழும்பியது, அக்கா கல்யாணம் முடித்தாள், எனக்குப் பெண் பார்க்கிறோம் பார்க்கிறோம் என்றார்கள், தலையில் நரை வந்துவிட்டது. யாரிலும் பிழையில்லை. ஏழு வருடங்களுக்கு முன் லீவில் போனபோது, எப்படியும் திரும்பிவந்து ஊரிலேயே இருக்கப்போகிறேன் என்ற நினைப்பில், அந்தக் கம்பனியின் வெள்ளைக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பதிவுப் புத்தகத்தில் என் முழுப் பெயரும் இருக்கிறது. பிறந்த மண்ணில் என் பெயர் எழுதிய பொருள் அது ஒன்றுதான்.

பதினொரு நாள் ஓட்டினேன். அதன் பிறகு அத்தான்தான் ஓட்டினார். அக்காவின் கணவர், மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், பேச்சில் கொஞ்சம் தாராளம். காரைப் பற்றி வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். "மச்சான், வெள்ளத்துக்குள்ள போட்டுட்டன். நாலு பேர் தூக்கி மேட்டில வெச்சாங்க. மறுகா ரெண்டு நாள் வெயில்ல காயவிட்டு அடிச்சன், ஒரு உதறு உதறிட்டு ஸ்டார்ட் ஆகிட்டு. பெரிய காரெண்டா அங்கயேதான் கிடந்திருக்கும்." இன்னொரு நாள் ஒரு கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை வரும். ஒரு நாள் கதிரவெளியில் மலிவென்று வாங்கிய கருவாட்டின் வாசம் ஆசனத்தை விட்டுப் போகவில்லை என்ற முறைப்பாடு வரும். பின்னால் மூன்று பேர் இருந்தால் நடுவில் இருப்பவர் மூச்சைப் பிடிக்கவேண்டும், ஆனால் பெற்றோல் குடிக்காது, பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஒடுங்கிய ஒழுங்கையிலும் திருப்பலாம். இவையெல்லாம் அத்தானின் அபிப்பிராயங்கள். இங்கே கார் கிழடானால் வரி கூடும். அங்கே புதுக் கார் இறக்குமதி நின்றதால், கிழடானால் விலை கூடும். "இப்ப வித்தா நீ வாங்கினதவிடக் கூட வரும்" என்று சொல்லிவிட்டு, விற்கச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் உடனே பேச்சை மாற்றுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு போக்கிடமில்லாமல் அந்தக் கம்பனியின் கண்காட்சிச்சாலைக்குப் போனேன். பளபளக்கும் கார்களோடு அந்தக் காலத்து மரத்தறி ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் கனநேரம் நின்றேன். வாசலில் ஒரு அட்டை தந்தார்கள். நீங்கள் எங்கள் காரின் சொந்தக்காரரா, எத்தனை வருடம், எதற்குப் பாவிக்கிறீர்கள், உங்கள் அபிப்பிராயம் என்ன? சந்தோஷமாக நிரப்பினேன். ஏழு வருடம், ஆஸ்பத்திரி, கருவாடு, வெள்ளம் எல்லாம் எழுதினேன். கருமபீடத்துப் பெண் வாசித்துப் பார்த்துவிட்டு, "கடைசியாக எப்போது ஓட்டினீர்கள்?" என்று கேட்டாள். ஏழு வருடத்துக்கு முன் என்றேன். "அப்படியானால் முந்திய சொந்தக்காரர்" என்று சொல்லி, மிகுந்த பணிவோடு வேறொரு கட்டத்தில் அடையாளம் போட்டாள். இல்லை, இப்போதும் நான்தான் என்று விளங்கப்படுத்தினேன். அவள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள், கட்டத்தை மட்டும் மாற்றவில்லை. வெளியே வந்து பஸ் தரிப்பில் நிற்கையில் அவள்மேல் வந்த கோபம் எனக்கே அதிகமாகப் பட்டது.

அடுத்த மாதமே அக்கா அழைத்தாள். அவளுடைய மகள் துஷாந்திக்குக் களுதாவளையில் மாப்பிள்ளை சரிவந்திருக்கிறது, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நல்ல செய்திதான். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, கோவிக்காத. வீட்ட அவள்ட பேருக்கு எழுதுறம், அது வழமதானே. காரையும் மாத்திக் குடுத்தா நல்லம் எண்டு அத்தான் சொல்றார். நீ இல்லாம இன்சூரன்சுக்கும் ஒண்ணுக்கும் கையெழுத்து வைக்க ஏலாமக் கிடக்கு."

"ஓம் அக்கா, ஃபோமை அனுப்புங்க, வெச்சு அனுப்புறன்" என்றேன். வாய் அதைச் சொல்லியது. பெயர் மாற்றும் ஃபோம் தபாலில் வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். ஒரு கையெழுத்துப் போட எத்தனை நிமிடம் தேவை? பன்னிரண்டு நாள் கழித்து அக்கா, "தபால் வந்திச்சா தம்பி?" என்று கேட்டபோது, "இன்னும் வரல்ல அக்கா" என்றேன். கூடப்பிறந்தவளுக்கு நான் சொன்ன முதல் பொய் அதுவல்ல. ஆனால் அற்பமான பொய் அதுதான். காரின் ஆசை இல்லை. அந்தப் புத்தகத்தில் பெயர் இருக்கும்வரை நான் அங்கேதான் இருக்கிறேன், இங்கே வந்து நிற்கிறேன் அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அது போனபிறகு எதைச் சொல்லுவது?

யாரிடமாவது சொன்னால் தேவலை போலிருந்தது. நான் குடியிருப்பது மொரி-சான் என்ற முதியவரின் வீட்டு மேல்மாடியில். அவருடைய மனைவி இறந்துவிட்டார். அவரிடமும் அதே கம்பனியின் சின்னக் கார் ஒன்று இருந்தது. ஞாயிறு தோறும் கழுவுவார், எங்கேயும் போகமாட்டார். ஒருநாள் படிக்கட்டில் வைத்து, எங்கள் வீடு அக்காவின் மகளுக்குப் போகிறது, அது எங்கள் வழக்கம் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் முகம் வாடிப்போனது. பின்னேரம் ஒரு பை நிறைய மிக்கான் என்ற சின்னத் தோடம்பழங்களோடு மேலே ஏறி வந்து, வாசலிலேயே நின்று, "நீங்கள் விரும்பும் காலம்வரை இங்கே இருக்கலாம்" என்று குனிந்து சொல்லிவிட்டுப் போனார். என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டதாக நினைத்துவிட்டார் மனிதர். பின்னால் ஓடிப்போய்த் திருத்தியிருக்கலாம். உட்கார்ந்து பழத்தை உரித்துச் சாப்பிட்டேன். அழுகை வந்தது, அதையும் மறைக்க ஆளில்லை.

சில நாளில் மொரி-சான் தன் ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வயதானவர்கள் இங்கே அப்படிச் செய்கிறார்கள். ஒரு சனிக்கிழமை லொறி வந்து காரை ஏற்றியது. அவர் முதலில் அதைக் கழுவித் துடைத்தார், பிறகு கைகளைத் தொடையோடு ஒட்டவைத்துக் காருக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். லொறிச் சாரதியும் கூடக் குனிந்தார். அது எனக்கு அழகாகத்தான் இருந்தது. அழகில்லாதது மறுநாள் நடந்தது. காலையில் அவர் அந்த வெற்றிடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் கூட்டினார். நான் மழைக்குச் சைக்கிளை அங்கே ஒதுக்கினேன். சைக்கிள் அரை மணி நேரத்தில் பழைய இடத்துக்குப் போய்விட்டது. இல்லாத காருக்கு இடம் பிடித்து வைத்திருக்கும் அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பயம் பிடித்தது. அன்றைக்கே ஃபோமில் கையெழுத்து வைத்துத் தபாலில் சேர்த்தேன்.

கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி நின்றார். வீடியோவில் காட்டினார்கள். பூமாலை போட்ட வெள்ளைக் காரில் மாப்பிள்ளை வந்து இறங்கியதைக் கண்டேன். பிறகு போனை யாரோ மேசையில் மல்லாக்க வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தாலி கட்டும்போது நான் மேளச் சத்தத்தோடு மண்டபத்தின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் என்னைத் தேடவில்லை என்று குறை சொல்லமுடியாது, கல்யாண வீட்டில் யார் யாரைத் தேடுவது?

இரண்டு வாரம் கழித்துத் துஷாந்தி அழைத்தாள். "மாமா, நீங்க வந்தா நிக்கிற ரூமுக்குப் புதுக்கட்டில் போடுறம். உங்கட சூட்கேஸ எங்க வைக்க? அம்மாக்கள்ட பின்வீட்டில இடமில்ல." அது ஏழு வருடத்துக்கு முன் அடுத்த லீவுக்கென்று நான் விட்டுவந்த பெட்டி. வீட்டில் உடுக்கும் இரண்டு சாரன், ஒரு நீலச் சேட்டு, சவரச் சாமான், ஒரு சோடி செருப்பு. நான் பதில் சொல்லமுன் மாப்பிள்ளை போனை வாங்கினார். நல்ல மரியாதையான பிள்ளை. "மாமா, நீங்க எப்ப வந்தாலும் எங்கட வீட்டிலயே நிக்கலாம். எத்தின நாளெண்டாலும்."

எங்கட வீடு. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. மனம் நிறையத்தான் சொன்னார்.

"பெட்டியக் கார் டிக்கியில வைங்க தம்பி" என்றேன்.

"டிக்கியிலயா மாமா?"

"ஓம். நான் வந்தா எயார்போட்டுக்குக் கார்தானே வரும். அங்கயே இருக்கட்டும்."

துஷாந்தியிடம் ஏதோ மெல்லக் கேட்டார். பிறகு அவர், "சரி மாமா, இருக்கட்டும்" என்றார்.

மூன்று மாதமாகிறது. நேற்று துஷாந்தி பேசும்போது, சந்தைச் சாமான்களைப் பின் ஆசனத்தில்தான் வைக்கிறோம் என்று சிரித்தாள். பெட்டியை இறக்கி வைக்கட்டா என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாப்பிள்ளை காலை ஆறரைக்குக் காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் புறப்படுகிறாராம். அப்போது இங்கே பத்து மணி, பட்டறையில் தேநீர் நேரம். எல்லோரும் சுவரைப் பார்த்தபடி குடிப்பார்கள். நானும் குடிப்பேன். என்னுடைய இரண்டு சாரனும் களுதாவளைக்குப் போய்க்கொண்டிருக்கும்.