சனிக்கிழமை எண்ணெய்

என் வீட்டுக்காரருக்குச் சூட்டு உடம்பு. ரங்கூனுக்கு அரிசி மில் வேலைக்குப் போவதற்கு முன்பு, சனிக்கிழமை தவறாமல் நான்தான் அவர் தலையில் எண்ணெய் வைப்பேன். நல்லெண்ணெயில் மிளகைப் போட்டு, அது வெடித்ததும் இறக்கி, உச்சியில் வைத்துத் தேய்த்தால் என் உள்ளங்கை கொதிக்கும். "போதும் புள்ள, மண்டையப் பேத்துறாத" என்று கத்துவார். நான் விடமாட்டேன்.

பர்மாவில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கடிதம் நின்றது. அங்கிருந்து நடந்தே வந்த ஒருவர், இவரைக் காய்ச்சலோடு காட்டில் விட்டுவந்ததாகச் சொன்னார். பிறகு தகவலே இல்லை. மணமேல்குடிப் பக்கத்திலிருந்த எங்கள் ஊர், ஆள் போய்விட்டார் என்று முடிவுகட்டிவிட்டது.

உடம்பு கிடைக்காததால் வைக்கோலில் ஆள் மாதிரி கட்டி, அவர் வேட்டியைப் போர்த்தி, பங்காளிகள் வரிசையாக எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். இறந்தவர் தலையில் புறங்கையால்தான் வைக்க வேண்டும். என் முறை வந்தபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவர்கள் யார் முடிவுகட்ட? சனிக்கிழமை தேய்ப்பதுபோல உள்ளங்கையாலேயே அழுத்தித் தேய்த்தேன். மாமியார் என் கையைத் தட்டிவிட்டார்.

"அடியே, உள்ளங்கையால வச்சா செத்தவன் வீட்டுக்குத் திரும்பி வந்துருவான்டி!"

அன்றே என் தாலியைக் கழற்றித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். பட்டப்பகலில், எலும்பும் தோலுமாக, தெருவழியே நடந்து வந்தார். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஊரே கூடிப் பார்த்தது, யாரும் கிட்டே வரவில்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கிணற்றடிக் கல்லைப்போலச் சில்லென்று இருந்தது. காய்ச்சலில் கிடந்து வந்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தாலியைக் கேட்டேன். மாமியார் தூரத்தில் நின்றபடி மகனைப் பார்த்தார்.

"அவன் ஒடம்புல சூடு வரட்டும். பெறகு பாப்போம்."

பெற்றவளே பயந்தாள். அன்றிலிருந்து மாமியார் மகனைத் தொட்டதே இல்லை.

சூடுதானே வேண்டும்? காலையில் இஞ்சிச் சாறு கொடுத்தேன். மத்தியானம் சுக்குத் தண்ணீர், ராத்திரி கண்டந்திப்பிலி ரசம். பழைய சோற்றையும் மோரையும் அறவே நிறுத்தினேன். கொடுத்ததையெல்லாம் மறுக்காமல் குடித்தார். ஒரு பொட்டு வியர்க்கவில்லை. வெயிலில் உட்கார வைத்தேன். பக்கத்தில் கிடந்த அம்மி சுட்டது, அவர் தோள் சுடவில்லை.

சனிக்கிழமை வந்தது. எண்ணெயைக் காய்ச்சி உச்சியில் வைத்தேன். கையைச் சுட்ட எண்ணெய், தலையில் பட்டதும் ஆறிப்போனது. பயத்தில் கை தானாகப் புரண்டு, புறங்கை அவர் தலையில் பட்டது.

வந்ததிலிருந்து வாய் திறக்காதவர் அப்போது பேசினார்.

"அப்படி வைக்காத புள்ள. அன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் வச்சாங்க. ஒரு கை மட்டுந்தான் சூடா இருந்துச்சு. அந்தச் சூட்டப் புடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்."

வைக்கோல் ஆளைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல நான் விடவும் இல்லை.

நிலைப்படியிலிருந்து மாமியார் கேட்டார்.

"சூடு வந்துருச்சாடி?"

உள்ளங்கையைத் திருப்பி உச்சியில் வைத்தேன். அதே கிணற்றடிக் கல்.

"வந்துருச்சு அத்தே. தாலிய எடுத்துட்டு வாங்க" என்றேன்.