பக்கவாட்டில் தெரியாத மானிட்டர்

இது அக்காவைப் பற்றியது. ஆனால் கொக்கைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு மனுஷியைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால், இங்கேயும் அந்த ஆள் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்.

எங்களுடையது கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம். இரண்டாவது மாடியில் நீளமான ஒரு கூடம், அதன் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை, பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு பிரிண்ட் அறை. கண்ணாடி அறையில் முதலாளி. பிரிண்ட் அறையில், பெரிய தாள்களில் படங்களை அச்சடித்துத் தள்ளும் மெஷினோடு நான். கூடத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டிப் போட்ட மேசையில் அக்கா.

கூடப் பிறந்த அக்கா இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஷினில் பேப்பர் ரோலை மாட்டத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். "படிச்சவதானே நீ?" என்று திட்டிக்கொண்டே வந்து மாட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து அக்கா. அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். காலையில் வணக்கம் சொன்னால் "ம்" என்பார், அதுவும் மனசு நன்றாக இருந்தால். ஆனால் அவர் ஒரு வீட்டுக்குப் படம் போட்டால், அந்த வீட்டில் ஒரு பொம்பளை யார் கண்ணிலும் படாமல் எங்கே உட்கார்ந்து அழலாம் என்பதுவரை யோசித்திருப்பார்.

அதற்குக் காரணம் உண்டு. ஐந்து பெண்களில் நடுப்பெண். ஒரே கூடத்தில் வளர்ந்தவர். படிக்க, துணி மாற்ற, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, எதற்கும் ஒரு மூலை கிடைக்கவில்லை. கல்யாணமாகிப் போன வீட்டிலும் கணவரின் அண்ணன் குடும்பம், மாமியார், எல்லாரும் ஒன்றாகத்தான். "கதவைச் சாத்தினா, உள்ள என்ன ரகசியம்னு கேப்பாங்கடி. திறந்து வச்சா, வெக்கமே இல்லையான்னு கேப்பாங்க" என்று ஒருமுறை சொன்னார். எந்தப் படத்தை எடுத்தாலும், கதவு திறந்தால் வெளியே நிற்பவனுக்கு உள்ளே என்ன தெரியும் என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தார் கொக்கு.

முதலாளியம்மாவின் தம்பி. அதாவது முதலாளியின் மச்சான். கொக்கு என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் பதவிக்குப் பெயர் தலைமை வடிவமைப்பாளர். அவர் கம்ப்யூட்டரில் ஒரு கோடு போட்டு இந்தக் கண்ணால் நான் பார்த்ததில்லை. அவர் செய்த ஒரே வேலை, அக்கா மேசைக்கு இடப்பக்கம் வந்து, டீ கப்பும் கையுமாக, ஒரு காலில் உடம்பைச் சாய்த்து, கழுத்தை நீட்டித் திரையைப் பார்ப்பது. ஒன்றும் கேட்க மாட்டார். பார்ப்பார், டீயை உறிஞ்சுவார், போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி அறையிலிருந்து குரல் வரும்.

"மாமா, எனக்கு ஒரு யோசனை தோணுச்சு."

தோன்றிய யோசனை அக்கா திரையில் இருந்ததாகவே இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் படிக்கட்டு. மேலே ஏறும் பிள்ளைகளும் கீழே ஓடிவரும் பிள்ளைகளும் முட்டிக்கொள்ளாதபடி அதை எப்படித் திருப்புவது என்று அக்கா சாப்பிடும்போதுகூட விரலால் மேசையில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார். வழி கிடைத்த அன்றே அது கொக்குக்குத் 'தோன்றிவிட்டது'. தாள் என் மெஷினில் வெளியே வந்தபோது, மூலையில் இருக்கும் பெயர்க் கட்டத்தில் வடிவமைப்பு என்ற இடத்தில் கொக்கின் பெயர். வரைந்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். யோசித்தது அவராம், கோடு இழுத்தது இவராம். எனக்கே வயிறு எரிந்தது என்றால் அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்!

அக்கா முதலாளியிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார். "நம்ம வீட்டுப் பிள்ளைதானேம்மா. பார்த்தா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று அவர் சிரித்துக்கொண்டே பூசி மெழுகிவிட்டார்.

"அந்தக் கொக்குகிட்டயே என்ன வேணும்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுடுங்கக்கா" என்றேன் நான்.

"கேக்கலாம். அடுத்த நாள் இந்த நாற்காலியில வேற யாராவது உக்காந்திருப்பாங்க. நீ வந்து என் வீட்டுல உலை வைப்பியா?"

அந்தப் பள்ளிக்கூடம் கட்டி முடிந்த சமயத்தில்தான் ஒரு டாக்டரம்மாவின் வேலை வந்தது. தனக்கென்று ஒரு கிளினிக் கட்டப்போகிறார். பிறகு அதே இடத்தில் பெரிய ஆஸ்பத்திரி. முதலாளி கூடத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இந்த கிளினிக் டிசைன் யாரோடது அவங்களுக்குப் பிடிக்குதோ, ஆஸ்பத்திரி முழுக்க அவங்க பொறுப்பு. அவங்க பேர்தான் போடுவேன்." சொல்லும்போது அவர் கண் மச்சான் பக்கம் போனது. அன்று பஸ்ஸில் அக்கா, "இதையும் விட்டேன்னா நான் கடைசிவரைக்கும் அவனுக்குக் கை, அவ்வளவுதான்" என்றார்.

படம் பாதியில் இருக்கும்போது அக்காவின் பழைய மானிட்டர் உயிரை விட்டது. நடுவில் ஒரு கறுப்புக் கோடு விழுந்து, பிறகு கோடே திரை முழுவதும் ஆகிவிட்டது. புதிது வாங்க வேண்டும் என்றதும் கொக்குக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு அக்கறை வந்ததோ.

"பெருசா வாங்கும்மா. பக்கத்துல நாலு பேர் நின்னாலும் பளிச்சுனு தெரியணும். காசு பத்திக் கவலைப்படாதே, மாமாகிட்ட நான் சொல்றேன்."

அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நானே போய்ப் பார்த்து எடுத்துட்டு வர்றேன் சார்" என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடையில் ஒரு சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே கிளி சிறகடித்துக்கொண்டிருந்தது. விற்பனையாளர் எங்களை நல்ல கிராக்கி என்று நினைத்து, இருப்பதிலேயே பெரியதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அக்கா அதற்கு நேராக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ இடப்பக்கம் வந்து நில்லு. கொக்கு மாதிரி."

நான் ஒரு காலில் சாய்ந்து கழுத்தை நீட்டினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"தெரியுதா?"

"சூப்பரா தெரியுதுக்கா."

"வேண்டாம். அடுத்தது."

இப்படி ஒவ்வொன்றாக உட்கார்ந்தும் நின்றும் கடையையே ஒரு சுற்று வந்துவிட்டோம். எனக்குக் கழுத்து வலித்தது. விற்பனையாளருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "மேடம், இதெல்லாம் புது டைப். எந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும்" என்றார்.

"எனக்கு எந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தாலும் தெரியக் கூடாது. நேரா உக்காந்திருக்கறவளுக்கு மட்டும் தெரியணும். அப்படி ஒண்ணு காட்டுங்க."

"அப்போ திரை மேல ஒட்டற ஷீட் ஒண்ணு இருக்கு மேடம். பக்கத்துல இருக்கறவங்களுக்குத் திரை கறுப்பாத் தெரியும்."

"அதை ஒட்டினா, எங்க ஆபீஸ்ல என்ன ஒளிக்கறேன்னு கேப்பாங்க. மானிட்டரே மோசமா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க."

மோசமான சாமான் வேண்டும் என்று அந்த மனிதரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தயங்கித் தயங்கி, கீழ்த்தட்டின் மூலையிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்து வைத்தார். பழைய வகைத் திரை, விலையும் குறைவு. நேராக உட்கார்ந்தால் கிளி பச்சையாக இருந்தது. பக்கத்தில் நின்று மேலிருந்து பார்த்தால் கிளி வெளுத்து, இறகெல்லாம் காணாமல் போய், அலகும் கண்ணும் மட்டும் மிஞ்சின.

"தெரியுதா?"

"கிளின்னு நீங்க சொன்னாத்தான் தெரியும்."

அன்றுதான் அக்கா சிரித்து நான் பார்த்தேன்.

விலையைக் கேட்ட முதலாளிக்குப் பரம சந்தோஷம். "பார்த்துக் கத்துக்குங்க, இப்படித்தான் சிக்கனமா இருக்கணும்" என்று எங்களுக்கெல்லாம் ஒரு பிரசங்கம். கொக்கு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் மறுநாளே டீ கப்போடு வந்துவிட்டார். இந்தக் காலில் நின்றார், அந்தக் காலில் நின்றார், குனிந்தார், நிமிர்ந்தார். தெரியவில்லை என்று எப்படி வாயைத் திறந்து சொல்வார்? அவர் பார்ப்பதே இல்லை என்பதுதானே ஏற்பாடு! நான் பிரிண்ட் அறைக் கதவிடுக்கில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக, அந்த வாரம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அக்கா நினைத்தது முழுவதும் பலிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்கு ஒரு பழக்கம். வெள்ளைத் திரையில்தான் வரைவார். முடிவு செய்துவிட்டதை அழுத்தமான கறுப்பில் போடுவார். இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதை வெளிர் மஞ்சளில் போட்டு வைப்பார். பக்கத்தில் நின்றால் மஞ்சள் அடியோடு மறைந்துவிடும். கறுப்பு மறையாது, மங்கலாகத் தெரியும். கிளியின் அலகும் கண்ணும் மாதிரி.

டாக்டரம்மா வந்தார். கண்ணாடி அறையில் முதலாளி, கொக்கு, டாக்டரம்மா. மேசைமேல் மனையின் படத்தை விரித்து வைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்காவைக் கூப்பிடவில்லை. கொக்கு பேனாவை எடுத்து அதன்மேல் கிறுக்கிக் காட்டினார்.

"எனக்குத் தோணினது என்னன்னா, டாக்டர், பரிசோதனை அறைக் கதவை இங்கே கொண்டு வந்துடறோம். நோயாளிங்க காத்திருக்கற கூடத்துக்கு நேர் எதிர்ல. கூப்பிட்டதும் எழுந்து நேரா உள்ள வந்துடலாம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "கட்டில் எங்கே?"

"இதோ, கதவுக்கு நேரா."

"அப்போ ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும், கட்டில்ல படுத்திருக்கற பொம்பளையைக் கூடத்துல இருக்கறவங்க எல்லாரும் பார்ப்பாங்க. அப்படித்தானே? இப்போ இருக்கற இடத்துல இந்தக் கொடுமை தாங்காமத்தான் நான் புதுசாவே கட்டறேன். முதல் நாளே சொன்னேனே!"

கொக்கு திருதிருவென்று விழித்தார். முதலாளி தொண்டையைக் கனைத்தார். டாக்டரம்மா எழுந்துவிட்டார். "போன்ல என்கிட்ட ஒரு அம்மா விசாரிச்சாங்களே, நோயாளி எங்கே துணி மாத்துவாங்க, எந்தப் பக்கம் தலை வைப்பாங்கன்னு. அவங்க எங்கே?"

நான் முந்திக்கொண்டு கையைக் காட்டினேன்.

எல்லாரும் அக்கா மேசைக்கு வந்தார்கள். அக்கா படத்தைத் திறந்தார். டாக்டரம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இதுலயும் அதே கதைதானே? கதவு அங்கேயே இருக்கு" என்றார், எரிச்சலோடு.

அக்கா எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "உக்காந்து பாருங்க டாக்டர்."

டாக்டரம்மா உட்கார்ந்தார். கதவைத் திறந்ததும் உள்ளே குறுக்காக ஓர் ஆளுயரச் சுவர், வெளிர் மஞ்சளில். நோயாளி அதைச் சுற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போவார். கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் கூடத்தில் இருப்பவர்களுக்கு வெறும் சுவர்தான் தெரியும்.

"சுவரை இன்னும் ஒரு முழம் தள்ளலாமான்னு பார்த்துட்டிருக்கேன். அதான் மஞ்சள்ல இருக்கு" என்றார் அக்கா.

"இதைத்தான் நான் கேட்டேன்" என்றார் டாக்டரம்மா.

அதோடு கொக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பார். வாய் சும்மா இருந்தால்தானே! முகம் சிவக்க அக்காவின் மானிட்டரைக் காட்டிக் கத்தினார்: "இந்த ஓட்டை மானிட்டர்ல பக்கத்துல நின்னா அந்தச் சுவர் தெரியவே இல்லை மாமா! அதுக்கு நான் என்ன பண்றது?"

டாக்டரம்மா நாற்காலியோடு மெதுவாகத் திரும்பினார்.

"நீங்க ஏன் பக்கத்துல நின்னு பார்த்தீங்க? இது உங்களுக்குத் தோணினதுன்னு சொன்னீங்களே."

அக்கா பொறி வைத்துப் பிடித்தார் என்று அலுவலகத்தில் பிறகு பேசிக்கொண்டார்கள். அப்படி எதுவும் இல்லை. தன் வேலையைத் தன் கண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்ள நினைத்தார், அவ்வளவுதான். மீதியைக் கொக்கே தன் வாயால் செய்துகொண்டார்.

முதலாளி நியாயவாதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மன்னிப்பு, வருத்தம், ஒரு மண்ணும் இல்லை. டாக்டரம்மா கைநழுவிப் போய்விடக் கூடாது என்ற பதைப்பில், "இனிமே எல்லாத்தையும் இவங்களே பார்த்துப்பாங்க டாக்டர்" என்று வழிந்தார். அவ்வளவுதான். ஆனால் கிளினிக்கின் படம் என் மெஷினில் வந்தபோது வடிவமைப்பு என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது. மை காய்வதற்குள் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அக்கா பெயரைப் பார்த்தார். துள்ளிக் குதிப்பார் என்று நான் நினைத்திருந்தேன்.

"இது ஒண்ணு" என்றார். "அந்தப் பள்ளிக்கூடப் படிக்கட்டு? தினம் பஸ் அதைத் தாண்டித்தான்டி போகுது. வாசல்ல கல்வெட்டுல அவன் பேரைப் பார்க்கும்போதெல்லாம் பத்திக்கிட்டு வருது. அதை யார் மாத்துவா?"

தாளைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கொக்கு வந்தார். ஆஸ்பத்திரிப் படத்தின் முதல் கோடுகள் அக்கா திரையில் இருந்தன. இந்தத் தடவை அவர் பக்கத்தில் நிற்கவில்லை. பாடம் கற்றுக்கொண்டுவிட்டார் அல்லவா! ஒரு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, அக்கா தோளோடு தோள் இடிக்கிற மாதிரி, திரைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

அக்கா கையை நீட்டி மானிட்டரை அணைத்தார். நாற்காலியைத் திருப்பி, கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தார்.

"என்ன வேணும்?"