நான் திருகாத வால்வு

அந்த வால்வை நான் தொடவே இல்லை. ஆனாலும் ராஜபாளையத்தில் எங்கள் சொந்தத்துக்குள் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், “வால்வைத் திருகுன பிள்ளைதானே நீ?” என்று இன்றைக்கும் யாராவது கேட்டுச் சிரிக்கிறார்கள். என்மேல் விழுந்த பழி ஊரெல்லாம் போனது. உண்மை மட்டும் எங்கள் வாசலைத் தாண்டவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மார்கழிக் குளிர் தாங்கவில்லை என்று தாத்தா ஓயாமல் சொன்னதால் அப்பா கீசர் வாங்கி மாட்டியிருந்தார். முதலில் சுடுதண்ணீர் நன்றாகத்தான் கொட்டியது. பிறகு ஒருநாள் நூல் மாதிரி இறங்க ஆரம்பித்தது. வாளி நிறைவதற்குள் தண்ணீர் ஆறிவிடும். தாத்தா திட்டினார். மில் வேலைக்குப் போகிற சித்தப்பா திட்டினார். அப்பா, கீசர் விற்ற கடைக்காரரைத் திட்டினார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அங்கே எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எது ஓடாமல் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம்.

“டேங்க் ஒசரம் பத்தலை அத்தான். பொறவு ப்ரஷர் எங்கிட்டு வரும்?” என்றார்.

“பச்சத்தண்ணி நல்லா கொட்டுதே மாமா, அதுவும் அதே டேங்க்தானே” என்றேன்.

“பெரியவங்க பேசும்போது ஊடால பேசாத” என்று அப்பா அதட்டினார். செத்த நேரம் கழித்து மாமாவே, “பச்சத்தண்ணி நல்லா வருது. அப்போ டேங்க் இல்ல” என்றார். “அதான பார்த்தேன்” என்றார் அப்பா. எனக்கு எரிச்சலாக வந்தது.

மாமா ஷவரைக் கழற்றி உப்பைச் சுரண்டினார். குழாய் முனையில் இருந்த சல்லடையையும் கழுவினார். தண்ணீர் அப்படியே நூலாகத்தான் வந்தது. கடைசியில் ஸ்டூலில் ஏறி, கீசருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். கீசருக்குத் தண்ணீர் வருகிற குழாயில் ஒரு சின்ன வால்வு இருந்தது.

“முக்காவாசி மூடிக் கெடக்கு. யாரோ திருகிருக்காவ.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதற்கு முந்தின வாரம் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டூல் போட்டாலும் அந்த வால்வு எனக்கு எட்டாது. ஏறி நின்று கையை நீட்டியும் காட்டினேன். “குதிச்சுப் பிடிச்சிருப்ப” என்றார் அப்பா. மறுநாள் எல்லாரும் அய்யனார் கோவில் அருவிக்குப் போவதாக இருந்தது. நான் வரக்கூடாது என்று குளியலறை வாசலிலேயே தீர்ப்பாகிவிட்டது.

கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அம்மா ஒரு தட்டில் பணியாரத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் தொடலைம்மா.”

“தெரியும்ட்டி.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

அவள் தட்டை என் மடியில் வைத்தாள். எழுந்து, ஆண்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனாள்.

“பிள்ளைய வையாதிய. வால்வத் திருகுனது நாந்தான்.”

“நீயா? எதுக்கு?” என்றார் அப்பா.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். “தண்ணி மெதுவா விழுந்தா வாளி நெறைய நேரமாகும். அம்புட்டு நேரமும் என்னைய யாரும் கூப்பிட மாட்டிய. பாத்ரூம் கதவச் சாத்திக்கிட்டுச் சும்மா உக்காந்திருப்பேன்.”

முதலில் சித்தப்பா சிரித்தார். “உக்காரதுக்கா கீசர் வாங்குனோம்?” என்று கேட்டுத் தாத்தாவும் சிரித்தார். ரொம்பச் சிரித்தது மாமாதான். சிரித்துக்கொண்டே போய் வால்வை முழுக்கத் திறந்தார். அதன் கைப்பிடியையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இனிமே யாரும் திருக முடியாதுக்கா.”

சுடுதண்ணீர் ஆவி பறக்கக் கொட்டியது. எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என்னைத் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

“அப்போ நான் அருவிக்கு வரலாமா?” என்று நானாகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

“வந்து தொலை” என்றார் அப்பா.

அம்மா மேலும் எனக்குக் கோபம். எல்லாரும் என்னைப் பார்த்தபோதே சொல்லியிருக்கலாமே. இன்றைக்கு நினைத்தால் அந்தக் கோபம் அவள் மேல் நிற்க மறுக்கிறது. ஏட்டி, இந்தா, அண்ணி, அம்மா என்று விடிந்ததிலிருந்து அவளைக் கூப்பிட்ட வீட்டில், அவள் சொன்னதை ஒருவராவது காதில் வாங்கியிருக்க வேண்டாமா?

சாயங்காலம் மாமா கிளம்பினார். அவர் எப்போது வந்தாலும் சாப்பிட வைக்காமல் அம்மா அனுப்பியதில்லை. பஸ் போனால் போகிறது என்று தோசை ஊற்றிக்கொண்டே இருப்பாள். அன்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, “வாரேன்க்கா” என்று இரண்டு தரம் சொன்னார். அடுப்படியில் தோசைக்கல் காய்கிற வாசனை வந்தது. அம்மா வெளியே வரவில்லை.

“அக்காவுக்கு மேலுக்கு முடியலையா?” என்று மாமா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

தெரியலை என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.