செவந்த மாப்பிள்ளை

வெள்ளைத்தோல் உள்ளவர்கள் தோலைக் கருக்க வைக்கிற டேனிங் பெட்டில் படுக்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், கூடாது என்று ஒரு வார்த்தையில் முடிக்க மாட்டேன். கேட்டவரை உட்கார வைத்து, என் அண்ணன் மூஞ்சி உரிந்த கதையை முழுசாகச் சொல்லித்தான் அனுப்புவேன். அப்புறமும் படுப்பேன் என்றால் அவர் இஷ்டம். நான் போய் எழுப்பிவிட மாட்டேன்.

எங்கள் பக்கம் வெளுப்பாக இருப்பவரை யாரும் வெள்ளை என்று சொல்வதில்லை. செவப்பு என்பார்கள். "பொண்ணு நல்ல செவப்பு" என்று தரகர் சொன்னால் பாதிச் சம்பந்தம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணன் அந்தச் செவப்பு. எங்கள் வீட்டில் அவன் ஒருத்தனுக்குத்தான் அது வாய்த்தது; எனக்கு அப்பாவின் மாநிறம். பள்ளிக்கூடத்தில் அவனை மைதா என்று கூப்பிடுவார்கள். ஒரு மேட்ச் ஆடிவிட்டு வந்தால் தக்காளி மாதிரி ஆவான். எரிகிறது என்று தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றுவான். தோல் உரியும், உரிந்து முடித்ததும் மறுபடி மைதா. இத்தனை வெயில் கொட்டுகிற ஊரில் பிறந்தும் அந்தத் தோலுக்குக் கருக்கவே தெரியாது. கதையின் எல்லாக் கோளாறும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

சிவகாசியில் எங்களுக்கு ஒரு சின்ன ஆப்செட் பிரஸ். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், சீசன் இல்லாத மாதங்களில் கல்யாணப் பத்திரிகை. அண்ணன் மிஷின் பக்கம். நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சென்னைக்குப் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே டிசைன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டவள்.

அவனுக்குப் பெண் அமைந்தது ஆமத்தூரில். விருதுநகரில் டீச்சர் வேலை. நல்ல கருப்பு, கணக்குப் பாடம், வாய்க்கு வாய் பதில் சொல்லுகிறவள். பார்த்த அன்றே அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும்தான். பிடிக்காமல் போனது மற்ற எல்லாருக்கும்.

நிச்சயதார்த்தம் நடந்த மண்டபத்தில், பந்தியில் இலை எடுக்கும் முன்னாலேயே பேச்சு கிளம்பிவிட்டது. நேரடியாக யாரும் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அதுதான் சாமர்த்தியம். ஒருத்தர் பாலும் டிகாஷனும் என்றார். இன்னொருத்தர், பிறக்கிற பிள்ளை காபியாக வரும் என்றார். போட்டோகிராபர் தன் பங்குக்கு, சாருக்கு லைட் வைத்தால் மேடம் தெரியவில்லை, மேடத்துக்கு வைத்தால் சார் வெடிக்கிறார் என்று மைக் இல்லாத குறையாகச் சொன்னார். அப்பாவின் அக்கா, என் அத்தை, பெண்ணின் தாடையைப் பிடித்துக்கொண்டு பாசமாகவே சொன்னாள்:

"கல்யாணத்துக்குள்ள பால்ல மஞ்சளக் கொளச்சுத் தேச்சுக் குளி தாயி. ஒண்ணுமில்ல, ஜோடியா நிக்கையில கண்ணு உறுத்தக் கூடாதுல்ல."

பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் சின்ன வயதிலிருந்தே பழகி வைத்திருக்கிறாள் என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் முகம் சுருங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜெர்மனியிலிருந்து லீவில் வந்திருந்த மாமா மகன் வாயைத் திறந்தான். அங்கே வெள்ளைக்காரர்கள் கருப்பதற்குக் காசு கொடுக்கிறார்களாம். மூடி வைத்த கட்டில் மாதிரி ஒன்று. உள்ளே முழுக்க நீல விளக்கு. துணியைக் கழற்றிவிட்டுப் படுத்து எழுந்தால் பொன் மாதிரி நிறமாம். பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். வெயிலுக்குப் பஞ்சம் வந்த ஊர்ப் பயலுக என்றார் ஒரு பெரியப்பா. அண்ணன் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். அப்போது எனக்கு அதன் பொருள் புரியவில்லை.

அடுத்த வாரம் புரிந்தது. பெங்களூரில் ஒரு அழகு நிலையத்தில் அந்தக் கட்டில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, பத்திரிகை அடிக்கிற வாரத்திற்கு நாள் குறித்து வைத்திருந்தான். அவள் எதற்கு வெளுக்க வேண்டும், நான் கருத்துக் காட்டுகிறேன், எல்லார் வாயும் மூடும் என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு தியாகக் களை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே, பொன்னிறம் பெற வாருங்கள் என்று டேனிங் பெட் விளம்பரம். அதற்குக் கீழேயே, வெயிலில் கருத்த முகமா, டீ-டேன் ஃபேஷியல் செய்துகொள்ளுங்கள் என்று இன்னொன்று. ஒரு அறையில் கருக்க வைக்கிறான், அடுத்த அறையில் அதையே சுரண்டி எடுக்கிறான். இவனை வியாபாரி என்று சொன்னால் எங்கள் ஊர் வியாபாரிகளுக்குக் கேவலம். இங்கே ஓலை வெடி விற்கிறவன்கூட, கையில் வைத்துக் கொளுத்தாதே என்று பெட்டியில் அச்சடித்துக் கொடுக்கிறான். அந்த அச்சை ஓட்டுகிறவனே என் அண்ணன்தான்.

நான் படித்ததை எல்லாம் அவன் முன்னால் கொட்டினேன். அந்த விளக்கிலிருந்து வருவது வெயிலில் இருக்கிற அதே புற ஊதாக் கதிர்தான். தோல் நிறம் மாறுவது அழகு ஏறுவதல்ல, அடி வாங்கிய தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பது. அந்த வித்தை தெரியாத உன் மாதிரித் தோலுக்கு அடி மட்டும்தான் மிஞ்சும். தோல் புற்றுநோய்க்கு அது வழி. சில தேசங்களில் அந்தக் கடைகளையே மூடச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னான்:

"வெயிலு கண்ட்ரோல் இல்லாதது புள்ள. மிஷின்னா கண்ட்ரோல் இருக்கும்ல. டயம் செட் பண்ணுனா அம்புட்டுதான்."

மிஷின்காரன் புத்தி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வேன்களில் போகிற பெண்களைக் காலையில் பார்த்தால் தெரியும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றி, கண் மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருப்பார்கள். வெயிலோடு வாழ்கிறவர்கள் அதற்கு முகத்தைக் காட்டுவதில்லை. ஏசி ரூமில் இருக்கிறவன் அதை விளக்கில் அடைத்து, காசு கொடுத்து, அதற்கடியில் போய்ப் படுக்கிறான்.

சண்டை அதோடு நின்றிருந்தால் இது எங்கள் வீட்டு ஆயிரம் சண்டையில் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் அண்ணனுக்குப் பெங்களூர் வரை பொறுமை இல்லை.

எங்கள் பிரஸ்ஸில் பழைய பிளேட் எக்ஸ்போசிங் மிஷின் ஒன்று இருக்கிறது. ஆள் படுக்கிற நீளத்தில் ஒரு பெட்டி. உள்ளே குழியில் பெரிய விளக்கு. மேலே கண்ணாடிச் சட்டம். பூச்சுப் பூசிய அச்சுத் தகடான பிளேட்டின் மேல் பிலிமை வைத்து மூடி விளக்கைப் போட்டால், ஒளி பட்ட இடத்தில் பூச்சு கரையும், பிலிம் மறைத்த இடம் தப்பிக்கும். அப்படித்தான் எழுத்தும் படமும் பிளேட்டில் இறங்கும். புது மிஷின் வந்த பிறகு அது பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது. அதன் விளக்கும் புற ஊதா விளக்குதான் என்று நான் சொன்ன பாடத்திலிருந்தே அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிரஸ் லீவு. பத்திரிகை டிசைனை முடிக்கலாம் என்று போனேன். பிளேட் அறையில் மின்விசிறிச் சத்தம். கதவைத் திறந்தால், கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, விளக்குக்கு நேராக முகத்தையும் நெஞ்சையும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என் அண்ணன். மெயின் சுவிட்சை அணைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறானாம், இன்றைக்குக் கொஞ்சம் கூட வைத்தானாம். எக்ஸ்போஷரை, ஒளி படுகிற நேரத்தை, கூட்டினால் டோன் இறங்கும் என்றான். பிளேட்டுக்குச் சொல்லுகிற பேச்சைத் தன் தோலுக்குச் சொன்னான்.

மத்தியானத்துக்குள் முகம் கொதித்தது. சாயங்காலம் நெற்றியிலும் கன்னத்திலும் கொப்புளம். கூலிங் கிளாஸ் மறைத்த இடம் மட்டும் பழைய மைதா, மற்றதெல்லாம் மிளகாய். பிலிமை வைத்து அடித்த பிளேட் மாதிரியே அவன் மூஞ்சியில் ஒரு கண்ணாடி அச்சாகியிருந்தது. அத்தை அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், வாசலில் நின்றபடியே அவனைப் பார்த்துவிட்டு, "மாப்ள களை வந்துருச்சே, முன்னைக்கு இப்ப நல்லா செவந்துட்டான்" என்று சொன்னாள். பாராட்டாகத்தான் சொன்னாள். அவளுக்கு வெளுப்பதும் செவப்பு, வெந்து போவதும் செவப்பு. நான் சிரிக்கவில்லை. அண்ணன் சிரிக்கப் பார்த்தான், தோல் இழுத்தது, விட்டுவிட்டான்.

விருதுநகரில் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். அந்தம்மா திட்டினார். கழுத்தோரம் இருந்த ஒரு மச்சத்தை லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் அதன் அளவோ நிறமோ மாறினால் உடனே வர வேண்டும் என்றார். இனி இந்த விளக்குப் பக்கமே போகாதே என்றும் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினான். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, பெங்களூர்க்காரர்கள் முறையாகச் செய்வார்கள், இது நாம் செய்த தப்பு என்றான். வண்டியிலிருந்து அவனைத் தள்ளிவிடலாமா என்று நினைத்தேன். நான் பின்னால் இருந்து பிடித்திருந்த தோளும் எரிகிறது என்று கத்தினான்.

நான் பெண்ணுக்குப் போன் பண்ணி, பெங்களூர்த் திட்டம் வரை எல்லாம் சொன்னேன். மறைக்கிற விஷயமா இது?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராக பிரஸ்ஸுக்கு வந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை இருக்கிற இடத்துக்குத் தனியாக வருவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. பத்திரிகை ப்ரூஃப் பார்க்க வந்தேன் என்று வாசலில் சொன்னாள். உள்ளே மிஷின்மேன் அண்ணாச்சி பத்திரிகை பிளேட்டை மாட்டி வைத்து, ஓட்டலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றார். ரெண்டு பேர் படமும் போட்ட பத்திரிகை. அண்ணன் கர்ச்சீப்பால் முகத்தை மூடினான். அவள் அதை எடுத்துவிட்டுப் பார்த்தாள். கூலிங் கிளாஸ் அச்சைப் பார்த்து அவளுக்கே ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"யாருக்காக இது?"

"உனக்காகத்தான். எல்லாரும் உன்னையப் பேசுறாக. நான் கொஞ்சம் கருத்துட்டா..."

"கருப்பு என்ன, நீங்க கல்யாணத்துக்கு மாட்டிட்டுக் கழட்டுற சட்டையா?"

அவன் கர்ச்சீப்புக்குக் கை நீட்டினான்; அவள் கொடுக்கவில்லை.

"எனக்கு இது பொறந்த நாள்ல இருந்து இருக்கு. மஞ்சளு, கடலமாவு, பவுடர் எல்லாம் தேச்சு அழ வச்சாக. நீங்க ஒரு வெளக்குல படுத்துட்டு எந்திரிச்சு வந்து ஜோடியாயிட்டோம்ங்கிறீக. ஒரு மாசத்துல உங்களுக்கு வெளுத்துரும். எனக்கு? அத்தை சொன்னதத்தான் நீங்களும் செய்யிறீக. என் நெறமும் உங்க நெறமும் சேந்து நிக்கக் கூடாதுன்னு."

பிறகு மிஷின்மேன் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, அண்ணாச்சி, பத்திரிகையை ஓட்ட வேண்டாம் என்றாள். அந்தக் கட்டிலுக்குப் போகிற ஆளோடு என் பேரை அச்சடிக்க எனக்குச் சம்மதமில்லை, போகலை என்றால் ஓட்டுங்கள் என்றாள். அண்ணாச்சி அண்ணனைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எனக்கு உண்மையாகவே பயம். எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம் நிற்பதைவிட மானம் போவது பெரிது. பொண்ணு பிரஸ்ஸில் வந்து பேசினாள் என்று தெரிந்தாலே அத்தை ஊரைக் கூட்டுவாள். அண்ணன் மானத்தைப் பிடித்துக்கொண்டால் அதோடு முடிந்தது.

அவன் போனை எடுத்தான். பெங்களூர்க்காரனை ஸ்பீக்கரில் போட்டான். வர முடியாது என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னான். அந்தப் பக்கத்துக் குரல், சார், முதல் தடவை எரியும், அது நார்மல், ரெண்டாவது தடவையிலிருந்து க்ளோ வரும், பேக்கேஜாக எடுத்தால் நல்லது என்று இழைந்தது. கொப்புளம் வெடித்த கன்னத்தோடு அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, நான் என் அண்ணன் வாயில் அதுவரை கேட்டிராத பக்கத்து ஊர் நாரணாபுரத்து வசவு ஒன்றைச் சொல்லிப் போனை வைத்தான். பெண் காதைப் பொத்தவில்லை.

"ஓட்டுங்க அண்ணாச்சி," என்றான்.

"பிளேட்ட மாத்தி, மொகத்துல டோன் கொஞ்சம் சரி பண்ணணுமா?" என்று நான் கேட்டேன். கேட்டவுடன் என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். டிசைன்காரியின் பழக்கம். எந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் பெண்ணை ரெண்டு படி வெளுக்க வைத்துத்தான் பிளேட்டுக்கு அனுப்புவோம், கேட்காமலே செய்வோம்; இதில் மட்டும் நான் இன்னும் கை வைக்கவில்லை.

"தொடாத," என்றாள் அவள். "ரெண்டு பேரையும்."

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு மேக்கப் போட வந்த பையன் உரிந்த கன்னத்தைப் பார்த்துவிட்டு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று முழித்தான். அந்தக் கண்ணாடி அச்சு தாலி கட்டும்போதும் இருந்தது, வீடியோவிலும் இருக்கிறது. இப்போது எனக்கு மதினியாகிவிட்ட அவளே அதை எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறாள். எக்ஸ்போசிங் மிஷினின் விளக்கை நான் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டேன். அண்ணன் கழுத்து மச்சத்தை மதினி இன்னும் வாராவாரம் பார்க்கிறாள். அந்தப் பயம் மட்டும் எங்களைவிட்டுப் போகவில்லை. விளம்பரத்தில் அதை எவனும் போடுவதில்லை.

ஆமத்தூருக்குப் பிரிகிற விலக்கில் ரெண்டு பேர் படமும் போட்டு வைத்த கல்யாண ஃப்ளெக்ஸ் பேனரை யாரும் எடுக்கவில்லை. சித்திரை, வைகாசி வெயில் முழுக்க அது அங்கேயே நின்று, மஞ்சளும் சிவப்பும் போய், ரெண்டு முகமும் ஒரே வெளிறிய நீலமாகிவிட்டது. போன வாரம் அத்தையை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு அந்த வழியே வந்தேன். நிறுத்தச் சொல்லி அண்ணாந்து பார்த்தாள்.

"பாத்தியா, பொண்ணு இப்ப தெளிஞ்சுட்டா. நல்ல பொருத்தம்."

"சாயம் போயிருச்சு அத்த," என்றேன்.

காதில் விழவில்லை. வண்டியை எடுத்தேன்.