ஒரு ஆளுக்கு இரண்டு நாற்காலி

என் மகன் பட்டாளத்தில் மேலதிகாரியைக் கைநீட்டி அடித்துவிட்டான். ராணுவக் கோர்ட் அவனுக்கு ஏழு வருடம் போட்டது. மேல்முறையீடும் தள்ளுபடி. அதன் பிறகுதான் சேந்தமங்கலத்து வக்கீல் ஒரு பிடி கண்டுபிடித்தார். தள்ளுபடி செய்த மூன்று ராணுவ நீதிபதிகளில் ஒருவர், அதே சமயம் இன்னொரு பெரிய ராணுவக் கோர்ட்டிலும் நீதிபதியாக இருந்தாராம்.

"ஒருத்தரே ரெண்டு நீதிபதி பதவியில இருக்கறது சட்டப்படி செல்லாதுன்னு ஆச்சுன்னா, பையன் கேஸைப் புதுசா விசாரிச்சே ஆகோணுமுங்க" என்றார்.

மேல் கோர்ட்டில் வழக்கும் போட்டார். ஒரு வருடம் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மகன் வந்துவிடுவான் என்று என் மனைவி அவன் கட்டிலை வெயிலில் போட்டாள். ஒரு ஆளுக்கு எதற்கய்யா இரண்டு நாற்காலி என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

அதைக் கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது. மலையூர்கள் பல சேர்ந்த குண்டனி நாட்டில் எங்கள் ஊருக்கு நான்தான் ஊர்க்கவுண்டன். ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்பவன் நான். அந்தத் தீர்ப்பு பிடிக்காதவர்கள் போய் முறையிடும் நாட்டுப் பஞ்சாயத்திலும் ஊருக்கு ஒருவர் உட்காருவோம். எங்கள் ஊருக்கு அங்கேயும் நான்தான். எங்கள் வழக்கம் அது. பல வருடங்களுக்கு முன் ஒரு வரப்புத் தகராறில் என் பங்காளியை ஊரை விட்டுத் தள்ளிவைத்தேன். முறையிட வந்தவன், நாட்டுப் பஞ்சாயத்திலும் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏனுங்க, அங்கயும் நீங்க, இங்கயும் நீங்கன்னா, நான் யாருகிட்டங்க போறது?"

"ஆளு ஒண்ணுதான்டா, உக்கார்ற எடம் வேற" என்றேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் குடும்பத்தோடு மலையிறங்கிப் போனவன், திரும்பவே இல்லை.

போன மாதம் எங்கள் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஒருவரே இரண்டு பதவியில் இருப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை, தள்ளுபடி செல்லும் என்று வக்கீல் படித்துச் சொன்னார். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் சிறையிலிருந்து போன் செய்தான்.

"அது எப்படிங்கப்பா செல்லும்? ஒரே ஆளு இல்லீங்களா?"

பதில் எனக்குத் தெரியும். நான் சொன்ன பதில்தான் அது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"அப்பா, இனி யாருகிட்டங்கப்பா போறது?" என்று கேட்டான் என் மகன்.