அம்மிக் குழவியால் உடைத்த பியூஸ் கட்டைகள்

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள், புதுச் சுவரில் மாட்டியிருந்த பியூஸ் கட்டைகளைக் கழற்றச் சொல்லி அம்மிக் குழவியால் உடைத்தேன். அதைத் திமிர் என்று உறவில் இன்றும் சொல்கிறார்கள். திமிர் என்றே இருக்கட்டும்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ‘செகண்ட்ஸ்’ சாமான் இல்லாமல் இருக்காது. கோணலாகப் போன கோப்பை, காது உடைந்த ஊறுகாய் ஜாடி எல்லாம் தொழிலாளிகள் வீட்டுக்குத்தான் வரும். அதில் தப்பில்லை. ஆனால் பியூஸ் கட்டை, சுவிட்ச் மாதிரியான மின்சாரச் சாமானுக்குக் கம்பெனியில் வேறு விதி. அதைத் தட்டிப் பார்க்கும் மேசையில்தான் எனக்கு வேலை. நல்ல பீங்கானைத் தட்டினால் கணீரென்று கேட்கும். விரிசல் விட்டது ‘டப்’ என்று செத்த சத்தம் போடும். அப்படி ஒதுக்கியதையெல்லாம் சாயங்காலம் சுத்தியலால் உடைத்துத் தொட்டியில் கொட்ட வேண்டும். முழுசாக வெளியே போனால் யாராவது மாட்டிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் ஈரம் இறங்கினால், அந்த வழியாகக் கரண்ட் சுவருக்கும் வரும், தொடுகிற கைக்கும் வரும்.

என் கணவரின் அண்ணன் அதே கம்பெனியில் பேக்கிங் கொட்டகையில் இருந்தார். வயரிங் சாமான் என் பொறுப்பு என்று அவரே முன்வந்தார். வயர்மேன் சுவரில் தேக்கு ரீப்பர் சட்டங்களை அடித்து, அதன் மேல் வயர் இழுத்து, எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். அன்று சாயங்காலமே கரண்ட் ஆபீஸிலிருந்து இணைப்புக் கொடுக்க வருவதாக ஏற்பாடு. மெயின் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்த நான், வேலைப் பழக்கத்தில் ஒரு பியூஸ் கட்டையை உருவித் தட்டிப் பார்த்தேன். டப். அடுத்ததும் அப்படித்தான். வேலையைப் பார்க்க வந்து நின்ற கணவரின் அண்ணனிடம் கேட்டேன்.

“மாமா, இதெல்லாம் எங்கேர்ந்து வந்திச்சு?”

“ஆகாசத்துலேர்ந்தா வரும்? நம்ம கம்பெனிதான்.”

“உடைக்க ஒதுக்கினதாச்சே.”

“உடைக்கிறதுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன். ஏம்மா, உன் வூட்டு ஜாடியும் செகண்ட்ஸ்தானே? ஊறுகா கெட்டா போச்சு?”

“ஊறுகாயத் தொட்டா கை உதறாது மாமா.”

வயர்மேன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். என் கணவர், “விசேஷம் முடியட்டும், அப்புறம் மாத்திக்கலாம்” என்றார்.

“அப்புறம்னு சொன்ன எதங்க நாம மாத்தியிருக்கோம்?”

கழற்றி ஓரமாக வைத்தால் போதாது என்று எனக்குத் தெரியும். நான் குளிக்கப் போகும் நேரத்தில் அவை மறுபடி சுவரேறிவிடும். அதனால் குழவியை எடுத்தேன்.

“புது வூட்டுல உடைக்கிறியே, உருப்படுமா?” என்று மாமா கத்தினார்.

“நாளைக்கு வாசல்ல நீங்கதான பூசணிக்கா உடைக்கப் போறீங்க?” என்று கேட்டுக்கொண்டே உடைத்தேன்.

இணைப்பு தள்ளிப்போக, விடியற்கால முகூர்த்தம் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. “கரண்ட் வூடுன்னு கூப்புட்டாங்க, மண்ணெண்ண வாசன அடிக்குது” என்று சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒரு அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மாமா கை நனைக்காமல் போய்விட்டார்.

பிறகு கடைக்குப் போய்ப் புதுக் கட்டைகளையும், மாமா கொடுத்த சுவிட்சுகளுக்குப் பதிலாகப் புதுச் சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி வாங்கினேன். “தேங்கா வாங்க வந்தீங்களாம்மா?” என்றார் கடைக்காரர். தேங்காய் அழுகினால் தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன்.

வயர்மேன் பல்புகளைக் கழற்றி, சுவிட்சுகளைப் போட்டுவைத்து, கரண்ட் கசிவைக் காட்டும் மெக்கர் கருவியின் கைப்பிடியைச் சுற்றினார். முள் கடைசிவரை போய் நின்றது. எங்கும் கசிவு இல்லை. இணைப்பு வந்ததும் ஒவ்வொரு சுவிட்சையும் அணைத்துவிட்டு ஹோல்டரைச் சோதிக்கச் சொன்னேன். சோதனை பல்பின் ஒரு வயரை எர்த்தில் வைத்து, மறு வயரால் ஹோல்டரைத் தொட வேண்டும். எரியக் கூடாது. அடுப்படியில் எரிந்தது. கரண்ட் வரும் வயருக்குப் பதில் திரும்பிப் போகும் வயரில் சுவிட்சை வைத்திருந்தார்.

“போட்டா எரியுது, நிறுத்துனா அணையுது. போதாதாக்கா?”

“பல்பு மாத்தறவங்க சாகக் கூடாது தம்பி.”

முணுமுணுத்தபடி மெயினை அணைத்து மாற்றினார். அதன் பிறகுதான் விளக்கேற்ற விட்டேன்.

மாமா அதன்பின் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்தவுமில்லை. ஒரு மழைக்காலத்தில் போயிருந்தபோது, என் ஓரகத்தி, அவர் மனைவி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு மரக்கரண்டிக் காம்பால் அடுப்படி சுவிட்சைத் தட்டுவதைப் பார்த்தேன். அங்கேயும் செகண்ட்ஸ்தான்.

“மழ பேஞ்சா கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். பழகிப்போச்சு” என்றவர், குரலைத் தாழ்த்தி, “ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுடேன். உன் வூட்டுக்கு வந்துடுவாரு” என்றார்.

“வரட்டும்க்கா, இல போடறேன். மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன். மாமா ஊர்ல இல்லாத நாளாப் பாத்துச் சொல்லுங்க, வயர்மேனோட வரேன்.”

அவர் கரண்டியை வைத்துவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“வியாழக்கிழம திட்டக்குடி போறாரு” என்றார்.